விண்டோஸ் 10 காலாவதி: 280 வெள்ளியைக் கொடுப்பதற்கு முன்

கேள்வி: மலேசியாவில், பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். 2018இல் வாங்கிய மேசைக் கணினி, விண்டோஸ் 10. ஆதரவு முடிந்துவிட்டதாகத் திரையில் அடிக்கடி அறிவிப்பு வருகிறது. கடையில் கேட்டால், 280 வெள்ளிக்கு விண்டோஸ் 11, ஆபிஸ், ஆன்டிவைரஸ் எல்லாம் ஆயுளுக்கும் போட்டுத் தருகிறார்களாம். இணைய வங்கியும் வருமான வரி இ-ஃபைலிங்கும் இதில்தான். என் கணவர் கோயில் கூட்டக் குறிப்புகளைப் பழைய தமிழ் மென்பொருள் ஒன்றில் வைத்திருக்கிறார். பெட்டியில் ‘ஐ5-7400, 8 ஜிபி’ என்று ஒட்டியிருக்கிறது. என்ன செய்யலாம்? (ஓய்வுபெற்ற ஆசிரியை)

பதில்: அம்மா, பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் கணினிக்கு இப்போது தேவையானதை வீட்டிலிருந்தபடியே காசில்லாமல் செய்துகொள்ளலாம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. அதற்காகக் கணினி ஓடாமல் போகாது, ஆபத்து வேறு விதமாக வருகிறது. மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, நம் நேரப்படி புதன் அதிகாலை, மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11-இன் ஓட்டைகளை அடைத்து அப்டேட் வெளியிடுகிறது. எது அடைக்கப்பட்டது என்று பார்த்தாலே, எங்கே ஓட்டை இருந்தது என்பது திருடனுக்குத் தெரிந்துவிடும். இரண்டு விண்டோஸுக்கும் உள்ளே பெரும்பகுதி ஒன்றுதான். ஆகவே அதே ஓட்டை உங்கள் கணினியில் திறந்தே கிடக்கும். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் வானாக்ரை நிரல் உலகத்தையே உலுக்கியபோது, அதற்கான அப்டேட் மார்ச் 14-ஆம் தேதியே வந்துவிட்டிருந்தது. மாட்டிக்கொண்டவர்கள் அதைப் போடாதவர்கள். ஆன்டிவைரஸ் இருந்தால் போதாதா என்றால், போதாது. ஒழுகும் கூரைக்குக் கீழே வாளி வைக்கிற வேலைதான் அது.

உங்கள் ஐ5-7400 ஏழாம் தலைமுறைச் சிப். விண்டோஸ் 11 கேட்பது எட்டாம் தலைமுறையிலிருந்து, அதாவது 8250, 8400 போல 8இல் தொடங்கும் எண்களும் அதற்குப் பிறகு வந்தவையும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியை ஒரு பட்டியலில் இல்லை என்பதற்காகக் கழித்துக்கட்டச் சொல்வது அநியாயம்தான். ஆனால் அந்த அநியாயத்துக்குக் கடைக்காரர் சொல்லும் மருந்து இன்னும் மோசம்.

முதலில் சரியான வழியைச் சொல்லிவிடுகிறேன். இஎஸ்யு என்ற நீட்டிப்புத் திட்டத்தில் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபௌட் திறந்து, பதிப்பு 22எச்2 என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் வரிசையில் நிற்கும் அப்டேட் எல்லாவற்றையும் போட்டு, ரீஸ்டார்ட் செய்துவிட்டு மறுபடி பாருங்கள். பிறகு செட்டிங்ஸ், அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, விண்டோஸ் அப்டேட். அந்தப் பக்கத்தில் ‘என்ரோல் நவ்’ என்று ஓர் இணைப்பு இருக்கும். அதை அழுத்தியதும் ஒரு சாளரம் திறந்து தானே மூடிக்கொண்டால், 2025 ஆகஸ்ட் அப்டேட் உங்களிடம் இல்லை என்று அர்த்தம். அந்தக் கோளாறு அதில்தான் சரிசெய்யப்பட்டது.

மூன்று வழி காட்டுவார்கள்: செட்டிங்ஸை பேக்கப் செய்தால் இலவசம், 1,000 மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளி, அல்லது 30 அமெரிக்க டாலர். முதலாவதைத் தேர்ந்தெடுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையச் சொல்வார்கள், அந்தக் கணக்கு கணினியின் நிர்வாகிக் கணக்காக இருக்க வேண்டும். ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு இந்த பேக்கப் நிபந்தனையே கிடையாது. அங்கே சட்டம் கேள்வி கேட்கிறது, இங்கே யார் கேட்கிறார்கள்?

இதில் ஒரு பொறி இருக்கிறது. பேக்கப் பக்கத்தில் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் என்று கோப்புறைகளையும் சேர்க்கச் சொல்லும். மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவில் இலவச இடம் 5 ஜிபி மட்டுமே. பேரப்பிள்ளைகளின் படங்கள் இரண்டு நாளில் அதை நிரப்பிவிடும், அப்புறம் ‘இடம் தீர்ந்தது, காசு கட்டு’ என்று தொல்லை. கோப்புறைகளை அணைத்துவிட்டு, செட்டிங்ஸை மட்டும் விட்டுவையுங்கள்.

இனி அந்த 280 வெள்ளிச் சமாச்சாரம். ஏழாம் தலைமுறைச் சிப்பில் விண்டோஸ் 11 ஏற்றுகிறோம் என்றால், விண்டோஸ் 11 செய்யும் சிப் சோதனையை ஏமாற்றித்தான் ஏற்ற வேண்டும். ஓடும். ஆனால் ஆண்டுதோறும் வரும் புதுப் பதிப்பு தானாக வராது. வீட்டுப் பதிப்பு ஒவ்வொன்றுக்கும் 24 மாதம்தான் ஆயுள். விண்டோஸ் 11-இன் 23எச்2 பதிப்புக்கு 2025 நவம்பர் 11-ஆம் தேதியே முடிந்துவிட்டது. ஆக, இரண்டு ஆண்டுக்குள் இதே அறிவிப்போடு அதே கடைக்கு மறுபடி போவீர்கள்.

அதைவிட எனக்குக் கோபம் வருவது அந்த ‘ஆயுளுக்கும்’ என்ற சொல்லைக் கேட்டால்தான். அந்த விலைக்கு அசல் உரிமம் வராது. அலுவலகங்களுக்கான உரிம முறையை ஏமாற்றும் ஒரு சிறு நிரலை உள்ளே வைப்பார்கள். அதை விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் ஆன்டிவைரஸ் பிடிக்கும், அதனால் டிஃபெண்டரின் கண்ணைக் கட்டுவார்கள். அப்டேட் வந்தால் வேலை கெடும், அதனால் அப்டேட்டையும் நிறுத்திவைப்பார்கள். எதற்குப் பயந்து காசு கொடுக்கிறீர்களோ, அதே ஆபத்தைக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள்.

ஏற்கெனவே எப்போதாவது கடையில் ‘ஃபார்மட்’ செய்திருந்தால் இரண்டு இடத்தைப் பாருங்கள். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தில், உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை வழியாக இயக்கப்பட்டது என்று எழுதியிருந்தால், அது வீட்டுக் கணினிக்கு உரியதல்ல. அடுத்து, விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்‌ஷன், அதில் மேனேஜ் செட்டிங்ஸ், கடைசியில் எக்ஸ்க்ளூஷன்ஸ், அதாவது டிஃபெண்டர் சோதிக்காமல் விட்டுவிடுபவை. அந்தப் பட்டியல் காலியாக இருக்க வேண்டும். நீங்கள் சேர்க்காத ஏதாவது அங்கே இருந்தால், அந்தக் கணினியில் வங்கிப் பக்கத்தைத் திறக்கவே வேண்டாம். ஃபைல்களை எடுத்துவைத்துவிட்டு, 8 ஜிபி பென் டிரைவில் மைக்ரோசாஃப்ட்டின் சொந்த நிறுவல் கருவியை இறக்கி, சுத்தமாக மறுபடி ஏற்ற வேண்டும். தூரத்திலிருந்து உங்கள் கணினியை இயக்கவிடும் எனிடெஸ்க், டீம்வியூவர் போல எதையாவது ‘பின்னால் உதவிக்கு’ என்று விட்டுப்போயிருந்தால் உடனே நீக்குங்கள். மைக்ரோசாஃப்ட்டிலிருந்து பேசுகிறோம் என்று யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 997 என்ற மோசடிப் புகார் எண்ணுக்கு அழையுங்கள்.

உங்கள் கணவரின் தமிழ்க் கோப்புகளைத் தனியாகக் கவனிக்க வேண்டும். இதில் மூன்று விஷயங்கள் கலந்து கிடக்கின்றன: எழுத்துரு, விசைப்பலகை, நிரல். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்து முறைக்கு முந்தைய காலத்தில் தட்டியவை என்றால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்ததும் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கொட்டும். கோப்பு கெட்டுவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் ஃபான்ட்ஸ் கோப்புறையிலிருந்து அந்த எழுத்துருவைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டால், எந்த விண்டோஸிலும் படிக்கலாம். வேறு எதைச் செய்வதற்கு முன்பும் ஒவ்வொரு கோப்பையும் பிடிஎஃப் ஆகச் சேமித்துவிடுங்கள். அதன் பிறகு யூனிகோடு மாற்றியில் போடலாம், ‘ஸ்ரீ’, ‘ஔ’, மேற்கோள் குறிகள் இவை தடுமாறும், கண்ணால் சரிபார்க்க வேண்டும். தட்டுவதற்குப் புதிய விண்டோஸிலேயே தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. நிரல்தான் சிக்கல். 1990களின் குறுந்தட்டில் வந்த நிறுவிகள் பல 16-பிட் என்ற பழைய வகை, விண்டோஸ் 11-இல் அவை ஓடவே ஓடாது. அந்த நிரல் இருந்தே ஆக வேண்டும் என்றால், இதே பெட்டியை அதற்கென்று ஒதுக்கி, நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். வைஃபை இருந்தால் அதையும் மறக்கச் செய்யுங்கள். இணையம் இல்லாத கணினிக்கு விண்டோஸ் 10 என்ன, எக்ஸ்பியே இருந்தாலும் கவலையில்லை. பென் டிரைவை மட்டும் வேறு கணினியில் ஸ்கேன் செய்துவிட்டுச் செருகுங்கள்.

விண்டோஸ் போக, உங்கள் கணினியில் தேட வேண்டியது, சுருக்கிய கோப்புகளை விரிக்கும் வின்ரார் நிரல். அது தன்னைத் தானே அப்டேட் செய்துகொள்ளாது. 2025 ஜூலையில் வந்த 7.13-க்கு முந்தையது என்றால், தீய நோக்கத்தோடு கட்டிய ஒரு ரார் கோப்பை நீங்கள் விரித்தாலே ஸ்டார்ட்அப் கோப்புறையில் ஒரு நிரலைப் போட்டுவிட முடியும். அடுத்த முறை கணினியைத் திறக்கும்போது அது ஓடும். ஆபிஸ் 2016, 2019 இரண்டுக்கும் அதே 2025 அக்டோபர் 14-இல் ஆதரவு முடிந்தது. கடிதமும் கணக்கும்தான் என்றால் லிப்ரெஆபிஸ் இலவசம், போதும்.

2026 அக்டோபருக்குப் பிறகு வேறு கணினி வாங்கித்தான் ஆக வேண்டும். புதிதாகத்தான் வேண்டும் என்பதில்லை. அலுவலகங்கள் கழித்த டெல், எச்பி பெட்டிகள் பழைய பொருள் கடைகளில் கிடைக்கின்றன. ‘ஐ5 சார், நல்ல ஸ்பீட்’ என்றால் தலையாட்டாதீர்கள். ஆறாம், ஏழாம் தலைமுறை இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது. பெட்டியை இயக்கச் சொல்லி, அபௌட் பக்கத்தில் சிப் எண்ணை நீங்களே படியுங்கள். அந்த எண்ணையும், விண்டோஸ் உரிமம் அசல் என்பதையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அடுத்த கடை. எழுதிக் கொடுத்துவிட்டு ஏமாற்றினால், அந்த ரசீதோடு பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் பதியலாம், வக்கீல் தேவையில்லை.