அப்பாவுக்குக் கை தூக்காமலே பேச எந்த போன்?

பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவால் இரண்டு கையையும் தூக்க முடியவில்லை, ஸ்பீக்கர் போன் வாங்கியும் பயனில்லை என்கிறீர்கள். அதில் பேசத்தான் கை வேண்டாம், எடுக்கவும் வைக்கவும் பட்டனை அழுத்தியே ஆகணும். வாங்குமுன் இதைத்தான் பார்க்க வேண்டும்.

ஐபோன் கிடைத்தால் செட்டிங்ஸில் ஆக்ஸசிபிலிட்டி, டச், கால் ஆடியோ ரூட்டிங் போய் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்து, கீழேயே இருக்கும் ஆட்டோ ஆன்சரையும் ஆன் செய்யுங்கள். சில நொடி மணியடித்துத் தானே எடுத்துக்கொள்ளும். ஐபோனின் மென்பொருளான ஐஓஎஸ் 16 முதல், கால் ஹேங்கப்பை ஆன் செய்துவைத்தால், அதன் குரல் உதவியாளரான சிரியிடம் (Siri) சொல்லியே அழைப்பைத் துண்டிக்கலாம்.

ஆனால் யார் கூப்பிட்டாலும் எடுத்துவிடும், அதனால் தெரியாத எண்களைத் தடுத்துவிடுங்கள். அப்புறம், வளையும் ஸ்டாண்டில் மாட்டி, சார்ஜரையும் செருகியே வையுங்கள். சிரிக்குப் புரியும் அளவுக்கு அவர் குரல் தெளிவாக இருக்கிறதா? அதைச் சொல்லுங்கள்.