கடைப் பையனுக்கு முன்பணம், முதலாளிக்குத் தண்டல்

கேள்வி: எனக்கு வயது 43. மதுரை திருநகரில் பன்னிரண்டு ஆண்டுகளாகக் காய்கறி, பழக் கடை நடத்துகிறேன். ஒரு நாள் விற்பனை சராசரியாக 18,000 ரூபாய். பத்து நிமிடத்தில் வீட்டு வாசலுக்கே காய்கறி கொண்டுவரும் செயலிகள் வந்த பிறகு வியாபாரம் மந்தமாகிவிட்டது. கடைப் பையன்களும் நிலைப்பதில்லை. நல்ல பையன்களை நிறுத்திவைக்க முன்பணம் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு ஆண்டுகளில் கொடுத்தது 1,45,000 ரூபாய், சம்பளத்தில் பிடித்தது 50,000 ரூபாய். ஒரு பையன் 30,000 ரூபாய் பாக்கியோடு டெலிவரி வேலைக்குப் போய்விட்டான். கொள்முதலுக்கு இரண்டு பேரிடம் தலா ஒரு லட்சம் தினத் தண்டல் ஓடுகிறது. சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கும் என் அக்கா மகன், கடையை ஓர் இயற்கைக் காய்கறி நிறுவனத்தின் ஃபிரான்சைஸாக மாற்றி, ஏ.சி. போட்டு, மாடியில் மைக்ரோகிரீன்ஸ் வளர்க்கலாம் என்கிறான். அதற்கு 8 லட்ச ரூபாய் வங்கிக் கடன் வேண்டும். கடன் என் பெயரில், லாபத்தில் பாதி அவனுக்கு. மனைவியிடம் 14 பவுன் நகை இருக்கிறது, எதுவும் அடகில் இல்லை. அக்கா தினமும் போன் செய்து முடிவு கேட்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: வரவு செலவை எழுதி வையுங்கள், அவசரத்துக்குச் சேமியுங்கள் என்றெல்லாம் பன்னிரண்டு ஆண்டுகளாக அதிகாலை மூன்றரை மணிக்கு மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் நிற்கிற ஒருவருக்கு நான் சொல்லத் தேவையில்லை. செயலிகளைப் பற்றியும் அக்கா மகனின் திட்டத்தைப் பற்றியும் விரிவாக எழுதிய நீங்கள், தண்டலை மட்டும் "ஓடுகிறது" என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் உங்களைத் தொலைபேசியில் அழைத்தேன்.

நீங்கள் சொன்ன விவரம் இது. ஒரு லட்சத்துக்குக் கையெழுத்துப் போட்டால் கையில் வருவது 88,000 ரூபாய். நாளொன்றுக்கு 1,000 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். இதை நீங்கள் "பன்னிரண்டு பெர்சன்ட்" என்று சொன்னீர்கள். தண்டல் வாங்குகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், அவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுக்கப்படுகிறது. ஆனால் வாங்கிய மறுநாளிலிருந்தே முதல் குறைந்துகொண்டு வருவதால், அந்த 88,000 ரூபாய் நூறு நாளும் உங்கள் கையில் இருப்பதில்லை; சராசரியாகப் பார்த்தால் பாதிதான் இருக்கிறது. போதாததற்கு, நீங்கள் நூறு நாளையும் முடிப்பதே இல்லை. அறுபதாவது நாள் வாக்கில் பணம் இறுக்கியதும் அதே ஆளிடம் புதிதாக ஒரு லட்சத்துக்கு எழுதுகிறீர்கள். அவர் பழைய பாக்கி 40,000 ரூபாயையும் புதிய பிடித்தம் 12,000 ரூபாயையும் கழித்துக்கொண்டு 48,000 ரூபாயைக் கையில் கொடுக்கிறார். ஆக, அறுபது நாளைக்கு ஒருமுறை 12,000 ரூபாய் வீதம் ஆண்டுக்கு ஆறு முறை; இரண்டு பேருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 1,44,000 ரூபாய். நிலுவையில் நிற்கும் தொகையோ சராசரியாக 1,40,000 ரூபாய்தான். ஆண்டுக்கு நூறு சதவீதத்துக்கும் மேலான வட்டியில் வாங்கிய பணத்தை வைத்துத்தான் நீங்கள் கத்தரிக்காய் விற்றுக்கொண்டிருக்கிறீர்கள்.

வட்டியோடு சேதம் முடிந்துவிடவில்லை. தண்டல்காரர்கள் மாலை ஏழு மணிக்கு வருகிறார்கள், இருவருக்கும் சேர்த்து 2,000 ரூபாய் எண்ணி வைக்க வேண்டும், அதனால் ஆறரை மணிக்கே விலையைக் குறைத்துக் கூவ ஆரம்பித்துவிடுவேன் என்று போகிற போக்கில் சொன்னீர்கள். வாடிய கீரையை அப்படித் தள்ளுவது சரிதான். அது எல்லாக் கடையிலும் நடப்பது. நீங்கள் தள்ளுவது தக்காளியை. பதினைந்து கிலோ பெட்டி 450 ரூபாய்க்கு வாங்கி, கிலோ 40 ரூபாய்க்கு விற்கிற நாளில், மறுநாள் காலையிலும் அதே விலைக்குப் போகக்கூடிய கெட்டிக் காய் எட்டுக் கிலோ மிச்சமிருந்தால், அதைக் கிலோ 25 ரூபாய்க்கு விட்டுவிடுகிறீர்கள். தக்காளியில் மட்டும் 120 ரூபாய் போயிற்று. பீன்ஸ், காலிஃபிளவரையும் சேர்த்தால் நாளுக்கு 200 ரூபாய்க்குக் குறையாது, மாதத்துக்கு 6,000 ரூபாய். எந்தத் தண்டல் அட்டையிலும் எழுதப்படாத வட்டி இது.

இனி மாதக் கணக்கைத் தோராயமாகப் பார்ப்போம். விற்பனை 5,40,000 ரூபாய். கழிவெல்லாம் போக நிற்பது நூற்றுக்குப் பதினெட்டு என்றீர்கள். அது 97,200 ரூபாய். கடை வாடகை 18,000, மூன்று பையன்களுக்குத் தலா 14,000 வீதம் 42,000, லோடு ஆட்டோ, மின்சாரம், பை என்று 11,000; மொத்தம் 71,000 ரூபாய். மீதி 26,200 ரூபாய். அதில் தண்டல் பிடித்தம் மாதத்துக்கு 12,000 ரூபாய் போனால் உங்கள் வீட்டுக்கு வருவது 14,200 ரூபாய். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளிக்கு, மூட்டை இறக்கும் பையனைவிட 200 ரூபாய்தான் அதிகம்.

அன்றாடம் ரொக்கத்துக்கு விற்கிற காய்கறிக் கடைக்கு இவ்வளவு கடன் எதற்கு என்ற கேள்வியை நீங்கள் உங்களையே கேட்டுக்கொள்ளவில்லை. இன்று வாங்கிய சரக்கு நாளை மறுநாளுக்குள் பணமாகிவிடுகிற தொழில் இது. உங்கள் விற்பனைக்கு இரண்டு நாள் கொள்முதல் என்பது 30,000 ரூபாய்க்குள் அடங்கும். அந்தப் பணமும் அதற்கு மேலும் உங்களிடம் இருந்தது; அதை எடுத்துப் பையன்களுக்கு முன்பணமாகக் கொடுத்துவிட்டீர்கள். கொடுத்ததில் திரும்பாமல் நிற்கிற 95,000 ரூபாய்தான் கடையின் கொள்முதல் பணம். அந்தப் பள்ளத்தை நிரப்பத் தண்டல் வந்தது. தண்டல் கட்டுவதால் சம்பளத்தை உயர்த்த முடியவில்லை. சம்பளம் உயராததால் பையன் போகிறேன் என்கிறான். அவனை நிறுத்த மறுபடியும் முன்பணம். நீங்கள் முதலில் விட வேண்டிய பழக்கம் இந்த முன்பணம்தான்.

ஆள் பற்றாக்குறை உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. சூப்பர் மார்க்கெட்டுகளும் டெலிவரி நிறுவனங்களின் கிடங்குகளும் தேடுவது உங்கள் கடையில் தேறிய அதே இருபது வயதுப் பையன்களைத்தான். ஆனால் முன்பணத்தால் யாரும் நின்றதாக நான் பார்த்ததில்லை. பாக்கி ஏற ஏற முதலாளியின் முகத்தில் விழிக்கக் கூசியே ஓடுகிறார்கள். சட்டப்படியும் இது சங்கடமானது. முன்பணத்தைக் காட்டி ஒருவரை வேறு வேலைக்குப் போகவிடாமல் தடுத்தால் 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் குறுக்கே வரும். அதன் கீழ் அந்தக் கடனே செல்லாததாகிவிடும். நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பக்கம் ஓர் அடிகூட வைக்க வேண்டாம்.

டெலிவரி வேலையில் பையன்களுக்குப் பிடித்தது என்ன என்று பாருங்கள். வாரா வாரம் கணக்கில் பணம் விழுகிறது, வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் ஓய்வாக இருக்க முடிகிறது. பெட்ரோலும் வண்டியின் மாதத் தவணையும் தன் தலையில்தான் விழுகின்றன என்பது சில மாதம் ஓட்டிய பிறகுதான் உறைக்கிறது. நீங்களும் சம்பளத்தைச் சனிக்கிழமைதோறும் கொடுக்கலாம். மதியம் ஒன்றரை முதல் நான்கரை வரை திருநகரில் யார் காய் வாங்க வருகிறார்கள்? அந்த மூன்று மணி நேரம் ஒருவர் மட்டும் கடையில் இருந்தால் போதும், மற்ற இருவரையும் வீட்டுக்கு அனுப்புங்கள். உட்கார ஒரு ஸ்டூல் போடுங்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தப்பட்டிருக்கிறது. ஆளுக்கு 1,500 ரூபாய் சம்பளம் கூட்டினால் மாதம் 4,500 ரூபாய் ஆகும். தக்காளியை அவசரத்தில் தள்ளுவதை நிறுத்தினாலே அது கிடைத்துவிடும். இன்னொன்று, அடுத்த முறை ஆள் தேடும்போது இருபது வயதுப் பையன்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். உங்கள் தெருவிலேயே, பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு வேலை பார்க்கத் தயாராக இருக்கும் பெண்கள் இருப்பார்கள். கீரை ஆயவும் எடை போடவும் அவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

செயலிகளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. 1999 நவம்பர் 14 அன்று தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை நம் மதுரை அண்ணா நகரில்தான் திறக்கப்பட்டது. சில்லறைக் காய்கறிக் கடைகளுக்கு இத்தோடு முடிந்தது என்று அன்றும் பேசினார்கள்; உங்கள் கடையே அதற்குப் பிறகு தொடங்கியதுதான். வெங்காயம், உருளைக்கிழங்கு போன்ற பை கட்டி வைக்கிற சரக்கில் செயலி உங்களை முந்தும், அதை விட்டுக்கொடுங்கள். தொட்டுப் பார்த்து வாங்குகிற முருங்கைக்காய், வாழைப்பூ, அன்று பறித்த கீரை, கறிவேப்பிலைக் கொசுறு எல்லாம் இன்னும் உங்கள் பக்கம்தான் இருக்கின்றன. மந்தம் எவ்வளவு என்று நான் கேட்டதற்கு, முன்பு 20,000 ரூபாய்க்கு விற்றது இப்போது 18,000 ரூபாய் என்றீர்கள். குறைந்த 2,000 ரூபாயில் லாபம் நாளொன்றுக்கு 360 ரூபாய். தண்டல் பிடித்தம் நாளொன்றுக்கு 400 ரூபாய். எது உங்களை அதிகம் தின்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா மகனின் திட்டத்துக்கு வருகிறேன். 8 லட்ச ரூபாயை 11 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 17,400 ரூபாய். உங்களுக்கு மிஞ்சுவதோ 14,200 ரூபாய். இதோடு கணக்கை மூடிவிடலாம். ஆனால் அக்கா விடமாட்டார் என்பதால் இன்னும் இரண்டு செய்திகள். ஃபிரான்சைஸ் கொடுப்பவர்கள், தங்கள் பெயரைப் பயன்படுத்துவதற்கான கட்டணமான ராயல்டியைப் பெரும்பாலும் விற்பனையின் மீது பிடிப்பார்கள். உங்களுக்கு லாபம் வந்ததா என்று பார்ப்பதில்லை. நூற்றுக்கு நான்கு என்று வைத்துக்கொண்டால்கூட இன்றைய விற்பனைக்கு மாதம் 21,600 ரூபாய் ஆகிறது. அடுத்தது மைக்ரோகிரீன்ஸ். தட்டில் முளைக்கும் இந்தச் சிறு கீரையை வளர்ப்பது எளிது, விற்பதுதான் கடினம். வெட்டிய பிறகு சில நாளே தாங்கும் சரக்கை வாரா வாரம் வாங்க எத்தனை வீடுகள் இருக்கின்றன என்று உங்கள் வாடிக்கையாளர்களையே கேட்டுப் பாருங்கள். ஈமு கோழியில் பணம் போட்டவர்கள் 2012-இல் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு, "வளர்ப்பது எளிது, வாங்க ஆள் தயார்" என்று யார் சொன்னாலும் நான் கொஞ்சம் தள்ளியே உட்காருகிறேன்.

உங்கள் அக்கா மகனை நான் குறை சொல்லவில்லை. படித்த பிள்ளை, மாமாவின் கடை வளர வேண்டும் என்று நினைக்கிறார். ஆனால் லாபத்தில் பாதி கேட்பவர் கடனிலும் பாதிக்குக் கையெழுத்துப் போட வேண்டும். அக்காவிடம் இப்படிச் சொல்லுங்கள்: "கடையின் முன்பக்கத்தில் ஓர் அலமாரி ஒதுக்கித் தருகிறேன், அவன் தன் பணத்தில் இயற்கைக் காய்கறி வாங்கி வைக்கட்டும், விற்றதில் எனக்கு நூற்றுக்குப் பத்து கொடுக்கட்டும், ஆறு மாதம் பார்ப்போம்." திட்டத்தில் அவருக்கு நம்பிக்கை இருந்தால் ஒப்புக்கொள்வார். வருத்தப்பட்டால் அந்த வருத்தத்துக்கு மாதத் தவணை கிடையாது.

இனி தண்டலை அடைக்கும் வழி. இரண்டிலும் சேர்த்து இன்றைய பாக்கி 1,36,000 ரூபாய் என்றீர்கள். மனைவியிடம் விஷயத்தை முழுமையாகச் சொல்லி, பொதுத்துறை வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ 1,50,000 ரூபாய்க்கு நகைக் கடன் வாங்குங்கள். இன்றைய விலைக்குச் சில பவுன் போதும், மீதி நகை வீட்டிலேயே இருக்கட்டும். வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இதுவரை தண்டல்காரருக்குப் போன 12,000 ரூபாயை மாதந்தோறும் அப்படியே இந்தக் கடனில் கட்டினால் பதினான்கு மாதத்துக்குள் நகை வீட்டுக்கு வந்துவிடும். மொத்த வட்டி ஏறக்குறைய 9,000 ரூபாய்தான். மனைவிக்கு நகையைத் தொட மனமில்லை என்றால், அது அவர் உரிமை. சிறுதொழிலுக்குக் கடன் தரும் மத்திய அரசின் முத்ரா திட்டத்தின் கிஷோர் பிரிவில் பிணையில்லாமல் 5 லட்சம் வரை வாங்க வழியிருக்கிறது, உங்களுக்கு 1,50,000 ரூபாய் மட்டும் போதும் என்று கேளுங்கள். அதிகம் தருகிறோம் என்றாலும் வாங்க வேண்டாம்.

30,000 ரூபாயோடு போன பையனைத் தேடிப் போகாதீர்கள். அதை நட்டக் கணக்கில் எழுதிவிடுங்கள். திரும்பி வேலை கேட்டு வந்தால் பழைய பாக்கியைப் பேசாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். இருக்கிற மூவரின் 65,000 ரூபாயை, சம்பளத்தைக் கூட்டிய பிறகு, ஆளுக்கு மாதம் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்க வேண்டாம். புதிதாக முன்பணம் யாருக்கும் கிடையாது. மருத்துவச் செலவு என்றால் மருத்துவமனையில் நேராகக் கட்டிவிடுங்கள், கையில் கொடுக்காதீர்கள்.

தண்டலை அடைக்கப் போகும்போது தனியாகப் போகாமல் உங்களுக்கு வேண்டிய ஒருவரைக் கூட அழைத்துச் செல்லுங்கள். இருவரிடமும் நிரப்பாத காசோலையும் கையெழுத்திட்ட வெற்றுப் பத்திரமும் கொடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். அட்டையில் "கணக்கு முடிந்தது" என்று எழுதி வாங்கி, காசோலையும் பத்திரமும் உங்கள் கைக்கு வந்த பிறகுதான் கடைசிப் பணத்தைக் கொடுக்க வேண்டும். நாளை தருகிறேன், வீட்டில் இருக்கிறது என்றால் பணமும் நாளைக்குத்தான். அப்படியும் தராமல் இழுத்தடித்தால், 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டத்தின் கீழ் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். புகாரோடு இணைக்க, இரண்டு அட்டைகளையும் இருபக்கமும் இன்றே நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.