விலையைக் குறைக்க வேண்டாம், வகைகளைக் குறையுங்கள்

கேள்வி: மதுரையில் மூன்று ஆண்டுகளாக வீட்டிலேயே கேக் செய்து விற்று வருகிறேன். தொடங்கியபோது எங்கள் பகுதியில் நான் ஒருத்திதான் இருந்தேன். இன்று இன்னும் ஐந்து பேர் செய்கிறார்கள். ஒரு கிலோ சாக்லேட் கேக்கை நான் 850 ரூபாய்க்குத் தருகிறேன். மற்றவர்களிடம் 600 ரூபாய்க்கே கிடைக்கிறது என்கிறார்கள். எனக்குப் பொருட்களுக்கு மட்டும் 380 ரூபாய் ஆகிறது; அலங்காரத்தையும் சேர்த்து ஒரு கேக்குக்கு நான்கு மணி நேரம் போகிறது. ரெட் வெல்வெட், பட்டர்ஸ்காட்ச், பென்டோ, பிரவுனி என 22 வகைகள் செய்கிறேன். கேழ்வரகும் கருப்பட்டியும் சேர்த்த கேக்கை மட்டும் சில வீடுகளில் மாதந்தோறும் கேட்டு வாங்குகிறார்கள். போட்டியில் நான் தனித்துத் தெரிய விலையைக் குறைப்பதா அல்லது 15,000 ரூபாய் கட்டி ஃபாண்டன்ட் (சர்க்கரைப் பசை) அலங்கார வகுப்பில் சேர்வதா?
- வாசகி, மதுரை

பதில்: விலைக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். நீங்கள் எழுதியிருக்கும் 380 ரூபாய் பொருட்களுக்கான செலவு மட்டுமே. பெட்டிக்கும் அடி அட்டைக்கும் 45 ரூபாய், கொண்டுபோய்க் கொடுக்க 50 ரூபாய், ஓடிஜி அடுப்பின் மின்சாரத்துக்கு 15 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மொத்தச் செலவு 490 ரூபாய் ஆகிறது. 850 ரூபாயில் மீதம் 360 ரூபாய், அதாவது உங்கள் உழைப்புக்கு மணிக்கு 90 ரூபாய். இதே கேக்கை 600 ரூபாய்க்குக் கொடுத்தால் மிஞ்சுவது 110 ரூபாய். மணிக்கு 30 ரூபாய்கூடத் தேறாது. இந்தக் கணக்கில் உடைந்துபோன முட்டையும் கருகிப்போன கேக்கும் சேரவில்லை. ஆகவே விலையைக் குறைப்பது உங்களுக்கு ஒரு வழியே அல்ல.

600 ரூபாய்க்குக் கொடுக்க மற்றவர்களால் மட்டும் எப்படி முடிகிறது என்று கேட்பீர்கள். பெரும்பாலும் அவர்கள் பயன்படுத்துவது பாக்கெட்டில் வரும் ப்ரீமிக்ஸ் மாவு, தாவரக் கொழுப்பில் செய்த விப்பிங் க்ரீம், கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு கொழுப்புச் சேர்த்த காம்பவுண்ட் சாக்லேட் ஆகியவையாக இருக்கும். அல்லது தங்கள் உழைப்பை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் இருக்கலாம். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம் ஊர் வெயிலில் பாலில் செய்த க்ரீமைவிடத் தாவரக் கொழுப்பு க்ரீம்தான் வடிவம் குலையாமல் நிற்கும் என்பதும் உண்மை. ஆனால் 22 வகைகளையும் அவர்களைப் போலவே செய்துவிட்டு விலையை மட்டும் கூடுதலாகக் கேட்டால், வாடிக்கையாளருக்கு இரண்டு கேக்குகளுக்கும் இடையே விலையைத் தவிர வேறு வித்தியாசம் தெரியாது. பிறந்தநாளுக்கு ரெட் வெல்வெட் வாங்குகிறவர் ஆண்டுக்கு ஒருமுறை வாங்குகிறார். அப்போது நான்கு பேரிடம் விலை விசாரித்துவிட்டுத்தான் வாங்குகிறார்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது, நீங்கள் போகிற போக்கில் எழுதிய கேழ்வரகு, கருப்பட்டி வரிதான். மாதந்தோறும் கேட்டு வாங்குகிறவர்கள் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறார்கள். அவர்கள் பிறந்தநாளுக்காகக் காத்திருப்பதில்லை. யாரிடமும் விலையை ஒப்பிடுவதாகவும் தெரியவில்லை. மேலும் அந்தக் கேக்குக்கு க்ரீம் தேவையில்லை. சித்திரை, வைகாசி வெயிலில் பட்டர் க்ரீம் கேக்கை ஸ்கூட்டரில் வைத்து ஊரின் மறுகோடிக்குக் கொண்டுசென்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும். அலங்காரம் இல்லாததால் நான்கு மணி நேரம் பாதியாகக் குறையும். ஒரே சூட்டில் இரண்டு மூன்று தட்டுகளையும் வேகவைத்து எடுக்கலாம். சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் வாங்கி அனுப்பக்கூடிய பண்டமும் இதுவே. உங்கள் பெயரைச் சொன்னால் இந்தக் கேக் நினைவுக்கு வர வேண்டும். மற்றவை இதற்குத் துணையாக இருந்தால் போதும்.

அதற்கு இந்தக் கேக் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வர வேண்டும். கோதுமை மாவைப் பிணைத்து வைக்கும் குளூட்டன் என்ற புரதம் கேழ்வரகில் கிடையாது. கோதுமை மாவு சிறிதும் சேர்க்காவிட்டால் வெட்டும்போது உதிரும், நாக்கில் நறநறவென்று படும். மாவைப் பாலிலோ தயிரிலோ அரை மணி நேரம் ஊறவைத்துவிட்டு மற்ற பொருட்களைச் சேர்த்தால் அந்த நறநறப்பு வெகுவாக அடங்கும். கருப்பட்டியைத் தட்டிச் சிறிது வெந்நீரில் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டிவிடுங்கள். அடியில் தங்கும் மண்ணையும் தூசியையும் பார்த்தால் இந்த வேலையை ஒருநாளும் தவிர்க்க மாட்டீர்கள். நன்றாக ஆறிய பின்னரே சேர்க்க வேண்டும் என்பதும், கரைத்த நீரின் அளவுக்குப் பாலைக் குறைக்க வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சாதாரணக் கேக்கைவிட இதன் மேல்பகுதி விரைவில் கறுக்கும் என்பதால் வெப்பத்தைச் சற்றுக் குறைத்து, நேரத்தைச் சற்றுக் கூட்டுங்கள். கருப்பட்டியின் நிறமும் இனிப்பும் ஒவ்வொரு முறையும் மாறும். சீனி கலந்த கருப்பட்டியும் சந்தையில் ஏராளம். புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிப் பனங்கருப்பட்டி உங்கள் ஊரிலிருந்து எட்டும் தூரத்தில்தான் கிடைக்கிறது. நம்பகமான ஒருவரைப் பிடித்து, பதநீர்ப் பருவத்திலேயே சில மாதங்களுக்கு வேண்டியதை வாங்கி, ஈரம் படாமல் வைத்துக்கொள்ளுங்கள். பருவம் முடிந்தபின் விலை ஏறுவது வழக்கம்.

எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்பதை ஊகித்துச் சொல்லாதீர்கள். விற்பனைக்குப் போகும் அதே பெட்டியில் சில துண்டுகளை வைத்து, நாளுக்கு ஒன்றாக எடுத்து முகர்ந்தும் சுவைத்தும் குறித்து வையுங்கள். கோடையில் ஒருமுறை, ஐப்பசி மழையில் ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். கருப்பட்டி ஈரத்தைப் பிடித்து வைப்பதால்தான் கேக் மறுநாளும் மென்மையாக இருக்கிறது. மழைக்காலத்தில் அதே ஈரம் பூஞ்சைக்கும் இடம் கொடுக்கும். மாற்றம் தெரிந்த நாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே கடைசித் தேதியைப் போட்டுவிடுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘சர்க்கரை நோயாளிகளும் தாராளமாகச் சாப்பிடலாம்’ என்று எழுத ஆசை வரும், வாங்குகிறவர்களே அப்படிச் சொல்லச் சொல்லித் தூண்டுவார்கள். எழுதாதீர்கள். கருப்பட்டியும் பெரும்பாலும் சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தான் செய்யும். கோதுமை மாவு சேர்த்துவிட்டுக் ‘குளூட்டன் இல்லாதது’ என்று சொல்வதும் தவறு. ஒவ்வாமை உள்ள ஒருவருக்கு அது ஆபத்தாகவே முடியலாம். என்னென்ன சேர்த்திருக்கிறீர்கள் என்பதை உள்ளபடி எழுதுங்கள்: கேழ்வரகு மாவு, கோதுமை மாவு, வடிகட்டிய பனங்கருப்பட்டி, பால் அல்லது தயிர், வெண்ணெய், முட்டை. ப்ரீமிக்ஸ் பாக்கெட்டின் பின்புறத்தைப் படித்துப் பார்த்த யாரும் இந்தச் சிறிய பட்டியலின் அருமையைத் தாமாகவே உணர்வார்கள்.

முட்டை பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. புரட்டாசியிலும், கார்த்திகையில் மாலை போடும் காலத்திலும் முட்டையில்லாத கேக் கேட்காத தெரு மதுரையில் இருக்காது. எல்லோரும் அப்போது ‘எக்லெஸ்’ என்று விற்பார்கள்; ஆனால் முட்டை அடித்த அதே பாத்திரத்திலும் அதே பீட்டரிலும் செய்திருப்பார்களோ என்ற சந்தேகம் விரதம் இருக்கிறவர் மனத்தில் இருந்துகொண்டேதான் இருக்கும். அதற்கென்று தனித் தட்டு, தனிப் பாத்திரம், தனிக் கரண்டி வைத்துக்கொண்டு, அவற்றைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுங்கள். இன்னும் நன்றாகச் செய்ய வேண்டுமானால், புரட்டாசி முழுவதும் வீட்டுக்குள் முட்டையே வராது என்று அறிவித்துவிடுங்கள். அந்த மாதத்தில் சில ஆர்டர்கள் கைநழுவிப் போகும். ஆனால் அந்த வீடுகள் ஆண்டு முழுவதும் உங்களிடமே வரும். லேபிளிலும் இதே கவனம் வேண்டும். முட்டை சேர்ந்த உணவு நம் நாட்டு விதிப்படி அசைவமே. அதற்குப் பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம், முட்டை சேராததற்குப் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம்.

உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்திருக்கிறீர்களா என்பதும் கடிதத்தில் இல்லை. வீட்டிலிருந்து விற்றாலும் பதிவு கட்டாயம். சிறு தொழில்களுக்கான கட்டணம் சொற்பமே. கிடைக்கும் 14 இலக்க எண்ணைப் பெட்டியில் அச்சிட்டாலே, அது இல்லாதவர்களிடமிருந்து நீங்கள் வேறுபட்டுத் தெரிவீர்கள்.

இனி வகைகளுக்கு வருகிறேன். கடந்த ஆறு மாத ஆர்டர்களை நோட்டில் எழுதிப் பாருங்கள். 22 வகைகளில் பாதிக்கு மேல் எப்போதாவது ஒருமுறை விற்றவையாகத்தான் இருக்கும். ஆனால் அவற்றுக்காக வாங்கிய எசன்ஸும் நிறமும் தூவல்களும் அலமாரியில் காலாவதியாகிக்கொண்டிருக்கும். ஐந்தாறு வகைகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சாக்லேட் கேக்கை விட்டுவிட வேண்டியதில்லை. 850 ரூபாய்க்கே கொடுங்கள். 600 ரூபாய்க்குக் கேட்பவரிடம், ‘அந்த விலைக்கு எனக்குக் கட்டுப்படியாகாதுங்க’ என்று சிரித்த முகத்துடன் சொல்லிவிடலாம். போகிறவர் போகட்டும்.

ஃபாண்டன்ட் வகுப்பு இப்போது வேண்டாம். அது அழகான கலைதான், ஆனால் உங்களுக்கு ஏற்கெனவே பற்றாமல் இருக்கும் நேரத்தைத்தான் அது மேலும் தின்னும்; உங்கள் பகுதியில் அந்த விலையைக் கொடுப்பவர்களும் குறைவாகவே இருப்பார்கள். அந்த 15,000 ரூபாயில் முதலில் அடுப்புக்குள் வைக்கும் வெப்பமானி ஒன்றை வாங்குங்கள். ஓடிஜியின் திருகில் 180 என்று இருப்பதும் உள்ளே இருக்கும் சூடும் பல வீடுகளில் ஒன்றாக இருப்பதில்லை. அடுத்து நல்ல எடைத் தராசு, முட்டையில்லாத கேக்குக்கான தனிப் பாத்திரங்கள், அச்சிட்ட பெட்டிகள் நூறு. மிச்சம் இருப்பது அடுத்த பருவத்துக் கருப்பட்டிக்கு ஆகும்.