குழுவில் யாரும் வாயைத் திறப்பதில்லை, என்ன செய்ய? (கேள்வி பதில்)

சென்னையில் ஒன்பது வருஷம் மென்பொருள் குழு நடத்தினேன். இப்போது பத்து வருஷமாக இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கம் கடல்பாசி வளர்க்கும் பெண்கள் குழுக்களோடு இருக்கிறேன். இந்த இரண்டையும் வைத்துத்தான் பதில் சொல்ல முடியும். நாலு பேர் சேர்ந்து வேலை பார்க்கும் இடத்தில் புது யோசனை எப்படிப் பிறக்கும், ஏன் செத்துப்போகிறது என்பதைக் கேளுங்கள். கடன், மானியம் கேட்க வேண்டாம்.

இராமநாதபுரம், அலுவலக மேலாளர்: வாரா வாரம் ஏழு பேரை உட்காரவைத்து "மனசில் பட்டதைச் சொல்லுங்க" என்கிறேன். ஒருத்தரும் பேசுவதில்லை. ஆர்வமே இல்லையா அக்கா?

ஆர்வம் இருக்கும், நீங்கள் கேட்கும் விதம்தான் சரியில்லை. கூட்டமாக உட்கார்ந்து வாய்க்கு வந்ததைச் சொல்லும் முறையைப் பரப்பியவர் அலெக்ஸ் ஆஸ்போர்ன் என்ற அமெரிக்க விளம்பரக்காரர். 1940கள், 50களில் அது பெரிய அலையாகப் போனது. 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். நாலு பேர் கூடி யோசித்ததைவிட, அதே அளவு ஆட்கள் தனித்தனியாக யோசித்துக் கடைசியில் ஒன்று சேர்த்ததில்தான் அதிக யோசனை கிடைத்தது. 1987இல் டீல், ஸ்ட்ரோபே என்ற இருவர் காரணத்தைத் தேடினார்கள். பயம், சோம்பல் எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம், ஒருத்தர் பேசும்போது மற்றவர்கள் தங்கள் முறைக்காகக் காத்திருப்பது. காத்திருக்கும்போது வந்த யோசனையும் போய்விடுகிறது.

அதனால் முதல் பத்து நிமிஷம் யாரும் பேசக்கூடாது, ஆளுக்கொரு தாளில் எழுதட்டும். பெயர் போட வேண்டாம். எல்லாவற்றையும் கலைத்து வாசித்துவிட்டு அப்புறம் பேச்சு. இன்னொன்று, இதை இன்றைக்கு எத்தனை தடவை சொல்லப்போகிறேனோ தெரியாது: நீங்கள் கடைசியில்தான் பேச வேண்டும்.

ஏன் என்றால், எங்கள் குழு ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். பாசி வளர்க்க 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை. அதில் கட்டும் கயிறுகளில் விதைப்பாசியைத் துண்டு துண்டாக முடிந்து கடலில் விட்டால் 45 நாளில் அறுவடை. முடிச்சுப் போடும் வேலை கரையில், வெயிலேற வெயிலேறப் பாசி வாடும். வந்து மூன்று மாசமே ஆன ஒரு பெண், "கண்ணி முடிச்சை முந்தின ராத்திரியே வீட்டில் போட்டு வந்துட்டா, காலையில் பாசியைக் கோத்தால் போதுமே" என்றது. குழுத் தலைவி கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமலே, "வீட்டு வேலை பத்தாதுன்னு இது வேறயா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். இரண்டு மாசம் கழித்து வெளியிலிருந்து பயிற்சி கொடுக்க வந்தவர் அதே யோசனையைப் பலகையில் எழுதிக் காட்டினார், கை தட்டினோம். அந்தப் பெண்ணும் தட்டியது. அதற்கப்புறம் எந்தக் கூட்டத்திலும் அது வாயே திறக்கவில்லை.

கீழக்கரை, துணிக்கடை: நல்ல யோசனை சொல்பவருக்கு மாசம் 1,000 ரூபாய் பரிசு அறிவிக்கலாமா?

வேண்டாம். அடுத்த மாசத்திலிருந்து பாதி யோசனையை யாரும் சொல்ல மாட்டார்கள், முழுசாக்கித் தானே வாங்கிக்கொள்ளப் பொத்தி வைப்பார்கள். பாதி யோசனைதான் குழுவுக்குத் தேவை. அந்த ஆயிரத்துக்கு எல்லாருக்கும் பிரியாணி வாங்குங்கள்.

தொண்டி: யோசனைக்கென்று தனி வாட்ஸ்அப் குழு வைத்தால்?

முதல் வாரம் யோசனை, இரண்டாம் வாரம் காலை வணக்கம்.

ராமேஸ்வரம், தங்கும் விடுதி: எங்கள் பணியாளர்கள் கூட்டத்தில் பேசுவதே இல்லை, என்ன செய்யலாம்?

முதல் பதிலைப் படியுங்கள்.

பாம்பன்: விதைப்பாசி வெளுத்துப்போகிறது, எதனால்?

அது என் துறை இல்லை. மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, ஒரு பிடி பாசியோடு நேரில் போங்கள்.

தனுஷ்கோடி பக்கம், கரைவலைக்காரர்: நீ சொல்றது ஏசி ரூமுக்குச் சரி தங்கச்சி. கரைவலையில் இந்தப் பக்கம் பதினைந்து பேர், அந்தப் பக்கம் பதினைந்து பேர் கயிறு பிடிப்பான். ஆளுக்கொரு தாள் கொடுத்தா மீன் தாள் வாசிச்சுட்டுப் போயிடும். ஒருத்தன் சொல்லணும், முப்பது பேர் கேக்கணும்.

அண்ணே, இழுக்கும்போது யோசனை கேட்கச் சொல்லவில்லை. இழுக்கும்போது ஒரே குரல்தான். ஆனால் எங்கே வளைக்கலாம், மீன் சேரும் வலைப்பையான மடியை எப்படி மாற்றிக் கட்டலாம் என்பதெல்லாம் எப்போது முடிவாகிறது?

அதே அண்ணன்: அதையும் நான்தான் முடிவு பண்றேன். 64 புயலில் போன பாம்பன் பாலத்தை 46 நாளில் நிமிர்த்தினாரே ரயில்வே இன்ஜினியர் ஸ்ரீதரன், ஓட்டுப் போட்டா நிமிர்த்தினார்?

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். ரயில்வே வைத்த கெடு ஆறு மாசம், மேலதிகாரி அதை மூன்று மாசமாகக் குறைத்தார். 46 நாள் என்று எந்த உத்தரவிலும் இல்லை. என்ன வேண்டும், எப்போது வேண்டும் என்பது மேலிருந்து வரட்டும், கெடு இறுகினால் யோசனை கூர்மையாகவே வரும், அதில் உங்களோடு சண்டை இல்லை. எப்படி என்பதை மட்டும் கயிறு பிடிக்கிறவர்களுக்கு விடுங்கள்.

மூக்கையூர்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் அப்பா விசைப்படகில் போனவர். ஏப்ரல் 15இலிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வருமே, அப்போது மரத்தடியில் வலை தைக்கும்போதுதான் எல்லாம் பேசுவார்கள். முதலாளி அங்கே இருக்க மாட்டார். படகில் செய்த மாற்றமெல்லாம் அந்த மரத்தடியில் வந்ததுதான்.

கரைவலை அண்ணன்: அங்கே பேசுறது பூரா வம்பு.

வம்புதான், ஆனால் முழுக்க வம்பில்லை. கை வேலையில் இருக்கிறது, கண் வலையில் இருக்கிறது, யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. அப்போது தப்பாகச் சொன்னாலும் வெட்கமில்லை. "முதலாளி அங்கே இருக்க மாட்டார்" என்று மூக்கையூர்த் தம்பி போகிற போக்கில் சொன்னாரே, அதை இன்னொரு தடவை வாசியுங்கள் அண்ணே.

கரைவலை அண்ணன்: அப்ப என்னை ஊரைவிட்டுப் போகச் சொல்றே.

மரத்தடியை விட்டு, ஒரு மணி நேரம்.

இராமநாதபுரம், பயிற்சி நிறுவனம்: படைப்பாற்றலுக்கு இரண்டு நாள் வகுப்பு நடத்தித் தருவீர்களா?

மாட்டேன். இரண்டு நாள் வண்ணத்தாள் ஒட்டிவிட்டு, மூன்றாம் நாள் அதே மேலாளர், அதே "சரிப்படாது".

தேவிபட்டினம்: எங்கள் குழுவில் பெண்கள் பேசவே மாட்டேன் என்கிறார்கள், ஆர்வமில்லையோ?

முதல் பதில். உண்மையிலேயே முதல் பதில். இதே கேள்வி ஐந்தாவது முறையாக வருகிறது, இரண்டை வெளியிடவே இல்லை. எல்லாரும் "அவர்கள் பேசவில்லை" என்றுதான் எழுதுகிறீர்கள். அவர்கள் கடைசியாகப் பேசியபோது நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று ஒருத்தர்கூட எழுதவில்லை.

கரைவலை அண்ணன்: சரி தங்கச்சி, ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். நான் கடைசியில்தான் பேசணும்னா அதுவரைக்கும் சும்மா எப்படி உக்கார்றது? வாய் நமநமங்குமே.

டீ ஊற்றுங்கள். நானும் அதைத்தான் செய்கிறேன். போன மாசம், அன்றைக்கு முடிச்சு யோசனை சொன்ன அந்தப் பெண்ணுக்கு டம்ளரை நீட்டும்போது, என் முகத்தைப் பார்க்காமல், "மிதவைக்கு அடியில் கட்டுற வலையை இப்படி மாத்திக் கட்டினா என்ன" என்றது. சூடு கையில் பட்டுக்கொண்டிருந்தது, வாயைத் திறக்காமல் நின்றேன். வலை வியாழக்கிழமை மாற்றிக் கட்டியிருக்கிறது. அறுவடைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, பார்ப்போம்.