ஆறேகால் பஸ்

வணக்கம் ஐயா,

கொடைக்கானல் மேல்மலையில் ஒரு பள்ளியில் பன்னிரண்டு வருடமாக வேதியியல் நடத்துகிறேன். அரையாண்டுத் தேர்வில், நன்றாகப் படிக்கும் ஒரு பிளஸ் டூ மாணவி பாதியில் பேனாவை வைத்துவிட்டாள். விரல் மரத்துப்போச்சு, மூச்சு வரவில்லை என்றாள். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் மந்திரித்துக் கயிறு கட்டியிருக்கிறார்கள். நடிக்கிறாள் என்று எங்கள் ஆசிரியர்களே சிலர் சொல்கிறார்கள். மன அழுத்தம் பற்றி மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் பேச யாரையாவது அழைக்கச் சொல்கிறார் ஹெச்.எம். நீங்கள் வருவீர்களா? இன்னொன்றும் கேட்க வேண்டும். தற்கொலை என்ற பேச்சைப் பிள்ளைகளிடம் எடுக்கவே பயமாக இருக்கிறது. இல்லாத எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடாதா?

(பெயர் வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள டீச்சர்,

மன அழுத்தம் பற்றிய அந்தப் பேச்சை நான் ஒருமுறை பேசியிருக்கிறேன். கீழ்மலையில் ஒரு பள்ளி. முந்நூறு பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மதிப்பெண் மட்டுமே வாழ்க்கையில்லை என்று நான் முழங்கி முடித்த கையோடு, காலாண்டில் முதல் மூன்று இடம் பிடித்தவர்களை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். போட்டதும் நான்தான். பொதுத்தேர்வுக்கு ரேங்க் அறிவிப்பதை அரசே 2017-இல் நிறுத்திவிட்டது, நாம்தான் விடமாட்டோம் என்கிறோம். கடைசியில், கேள்வி உண்டா என்றபோது ஒல்லியாக ஒரு பையன் எழுந்தான். "சார், எட்டு மணி நேரம் தூங்கணும்னு சொன்னீங்க. எங்க ஊர் பஸ் ஆறேகாலுக்கு சார்."

அதை விட்டால் அடுத்தது ஒன்பதரைக்குத்தான். அப்படியென்றால் ஐந்து மணிக்கு எழ வேண்டும். சாயங்காலம் சிறப்பு வகுப்பு முடிந்து, மழையில் பஸ்ஸுக்கு நின்று, வீடு சேர ஏழரை. காப்பிப் பழம் எடுக்கிற மாதங்களில் தங்கச்சிக்குச் சோறு வடிப்பதும் அவன் வேலை. எழுத வேண்டியதை எழுதிப் படுக்கப் பதினொன்று. கரும்பலகையில் கணக்குப் போட்டோம். ஆறு மணி நேரம் வந்தது. அந்த வயசுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம் வேண்டும். போதாததற்கு, பருவ வயதில் உடம்புக்குள் இருக்கும் கடிகாரமே பிந்தி ஓடும்; ஒன்பதுக்கே படுத்தாலும் தூக்கம் சீக்கிரம் பிடிக்காது. மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டேன். அதற்கப்புறம் அப்படிப் பேசப் போனதில்லை.

உங்கள் ஹெச்.எம். அந்த ஒரு மணி நேரத்தை, யார் யார் எந்த பஸ்ஸில் வருகிறார்கள் என்று எழுதி வாங்கச் செலவழிக்கட்டும். தூரத்துப் பிள்ளைகளுக்குக் காலை முதல் பிரியடில் டெஸ்ட் வைக்காமல் இருக்கலாம், சிறப்பு வகுப்பைக் கடைசி பஸ்ஸுக்கு முன்னால் முடிக்கலாம். மூளைக்குள் நடப்பதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் டைம்டேபிளைத் திருத்துவது சுலபம்.

சரி, அந்தப் பெண்ணுக்கு வருகிறேன். அவள் நடிக்கவில்லை. நீங்கள் வேதியியல் டீச்சர், உங்களுக்கு இது எளிதாகப் புரியும். பயத்தில் மூச்சு வேகமாகும்போது கார்பன் டை ஆக்சைடு தேவைக்கு மேல் வெளியேறிவிடுகிறது. ரத்தத்தின் காரத்தன்மை கொஞ்சம் கூடுகிறது. விரல் நுனியும் உதடும் மரத்துப்போகும், கை இழுத்துக்கொள்ளும், தலை சுற்றும். காற்று போதவில்லை என்று அவள் இன்னும் வேகமாக இழுப்பாள், அது இன்னும் மோசமாகும். இது இருதயத்தையும் ஆஸ்துமாவையும் பார்த்து இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகு பேச வேண்டிய விஷயம். ரத்தசோகையும் பார்த்துவிடட்டும், படபடப்புக்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் 'ஒன்றுமில்லை' என்று அவளிடம் யாரும் சொல்ல வேண்டாம். ஒன்றுமில்லாததற்கா கை மரத்தது என்று அவள் தன்னையே சந்தேகப்படுவாள். மேலே எழுதியதை ஒரு தாளில் வரைந்து காட்டுங்கள். அப்புறம், ஆவி பறக்கிற வரக்காப்பியை ஊதுவோமே, அந்த மாதிரி மெதுவாக, நீளமாக வெளியே விடச் சொல்லுங்கள். உள்ளே இழுப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அது தானாக வரும். பரீட்சை நாளில் கற்றுக்கொடுத்தால் பிடிபடாது, இப்போதே தினமும் ஐந்து நிமிடம். கயிறு இருக்கட்டும், அதை அவிழ்க்கச் சொல்லிச் சண்டை போடாதீர்கள். அம்மாவின் பயம் அந்த முடிச்சில் இருக்கிறது.

உங்கள் கடைசிக் கேள்விதான் முக்கியம். கேட்பதால் எண்ணம் முளைப்பதில்லை. இதை ஆய்வுகள் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டன. ஏற்கெனவே அந்த எண்ணத்தைச் சுமக்கிற பிள்ளைக்கு, ஒருவர் நேராகக் கேட்பதே பாதி பாரத்தை இறக்குகிறது. ஸ்டாஃப் ரூமில் எதிரே உட்கார வைத்துக் கேட்காதீர்கள், அது விசாரணை. லேப் சாமான் எடுத்து வைக்கும்போது, பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது, முகம் பார்க்காமல் பக்கத்தில் இருந்து கேளுங்கள்: "செத்துடலாம்னு எப்பவாவது தோணுதாப்பா?" ஆமாம் என்றால் அதிர்ச்சி காட்ட வேண்டாம், அறிவுரையும் வேண்டாம். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியமும் செய்யாதீர்கள். அன்றைக்கு அவளைத் தனியாக அனுப்பாமல் வீட்டில் ஒருவரிடம் ஒப்படைத்து, அன்றே டாக்டரிடம் போக ஏற்பாடு செய்யுங்கள். உங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட். திண்ணையோரத்திலேயே பூச்சி மருந்து பாட்டில் இருக்கும். அதைப் பெட்டியில் போட்டுப் பூட்டிச் சாவியைப் பெரியவர்கள் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு பூட்டு ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறது என்பது மிகையல்ல.

அரசின் மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், காசில்லை, தமிழில் பேசுவார்கள். 2022 அக்டோபரில் தொடங்கியது. டவர் கிடைக்கிற இடத்தைப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும், நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் எந்தக் கிழமை மலைக்கு வருகிறார் என்று முன்னாலேயே கேட்டுக்கொண்டு போனால் ஒரு நாள் கூலி மிச்சம். துணைத்தேர்வு என்று ஒன்று இருப்பதையும், தோற்றாலும் ஒரு வருடம் வீணாகாது என்பதையும் ரிசல்ட்டுக்கு அப்புறம் சொல்லாமல் இப்போதே சொல்லிவையுங்கள்.

நான் வருகிறேன். பேச அல்ல. முதல் நாள் சாயங்காலமே வந்து தங்கி, மறுநாள் காலை உங்கள் பிள்ளைகள் வருகிற பஸ்ஸில் ஏறுகிறேன். உட்கார இடம் கிடைக்காது என்று தெரியும்.