105 கிலோமீட்டருக்கு ஒரு முழு நாள்

கேள்வி இது: "டிசம்பர் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து நியூசிலாந்து தென் தீவுக்குப் போகிறோம். கேம்பர்வேன் (படுக்கையும் அடுப்பும் உள்ள வேன்) பதிவு செய்தாகிவிட்டது. கிரைஸ்ட்சர்ச்சிலிருந்து குவீன்ஸ்டவுனுக்கு ஒரே நாளில் ஓட்டிவிடலாமா? வழியில் நிறுத்திப் பார்க்க ஏதாவது இருக்கிறதா?"

ஓட்டிவிடலாம். ஏறக்குறைய 480 கிலோமீட்டர்தான். ஆனால் தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த வழியிலிருந்து கொஞ்சம் விலகினால் மவுண்ட் குக் அடிவாரம். வழியில் உள்ள டெக்காப்போ ஏரியிலிருந்து அங்கே போக 105 கிலோமீட்டர். அதற்கு மட்டும் ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்.

சிங்கப்பூரின் கிழக்கு முனையான சாங்கியிலிருந்து மேற்கு முனையான துவாஸுக்குப் போவதையே நெடுந்தூரம் என்று நினைக்கிற நமக்கு, ஒன்றேகால் மணி நேரத்தில் 105 கிலோமீட்டர் என்று மேப் காட்டினால் ஓட்டித் தள்ளிவிடத்தான் தோன்றும். 2023 டிசம்பரில் நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என ஐந்து பேர் போனோம். காலை எட்டரைக்குக் கிளம்பி, போய்ச் சேரும்போது மாலை ஆறரை. அந்தப் பத்து மணி நேரத்தில் ஒரு நிமிடம்கூட வீணாகவில்லை.

டெக்காப்போவில் டீசலும் மளிகையும் வாங்கிக்கொள்ளுங்கள். மவுண்ட் குக் கிராமத்தில் சூப்பர்மார்க்கெட் கிடையாது. ஏரிக்கரையில் 1935இல் கட்டிய சின்னக் கல் தேவாலயம் ஒன்று இருக்கிறது. பீடத்துக்குப் பின்னால் படம் எதுவும் மாட்டாமல் சன்னல் வைத்திருக்கிறார்கள். அதில் ஏரியும் மலையும் தெரியும். உள்ளே படம் எடுக்கக் கூடாது. சுற்றுலாப் பேருந்துகள் வருவதற்குள் போய்விட்டால் நிம்மதியாக உட்காரலாம்.

ஏரியின் நிறத்தைப் பார்த்துவிட்டு அம்மா, "பால்ல சொட்டு நீலத்தைக் கலந்த மாதிரி இருக்கேப்பா" என்றார். அதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது. பனியாறு நகரும்போது அடியில் உள்ள பாறையை மாவாக அரைத்துவிடுகிறது. அந்த மாவு தண்ணீரில் கீழே படியாமல் மிதப்பதால்தான் அந்த நிறம். டிசம்பர் முதல் பாதி என்றால் கரையெங்கும் ஊதாவும் இளஞ்சிவப்புமாக லூபின் பூத்திருக்கும். அழகுதான், ஆனால் வெளியிலிருந்து வந்த செடி. ஆற்றுப் படுகைகளில் பரவிப் பறவைகள் கூடு கட்டும் இடத்தை அடைத்துவிடுகிறது என்று அங்கே அதைக் களையாகத்தான் பார்க்கிறார்கள்.

அங்கிருந்து எண் 8 நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரத்துக்குள் புக்காக்கி ஏரி வந்துவிடும். இங்கேதான் நாங்கள் மூன்று மணி நேரம் இருந்தோம். ஏரியின் தூரத்து முனையில் 3,724 மீட்டர் உயர மவுண்ட் குக் நேராக நிற்கிறது. மாவோரி மக்கள் வைத்த பெயர் அவோராக்கி. நாங்கள் போன அன்று மேகமே இல்லை. அது அதிர்ஷ்டம். தெரிகிறபோதே பார்த்துவிடுங்கள், சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

பார்வையிடத்தை ஒட்டி சால்மன் விற்கும் கடை இருக்கிறது. அந்தப் பகுதியின் நீர்மின் கால்வாய்களில் வளர்க்கும் மீன். ஒரு துண்டு வாங்கி வந்து வேனிலேயே குழம்பு வைத்தோம். சிங்கப்பூர் தேக்கா சந்தையில் வாங்கிய மீன் மசாலாவும் புளியும் கையில் இருந்தன. (உணவு கொண்டு வந்திருப்பதை நுழைவுப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். பையைத் திறந்து பார்த்துவிட்டு எங்களை விட்டுவிட்டார்கள். மறைத்தால் 400 நியூசிலாந்து வெள்ளி அபராதம். பச்சைக் கறிவேப்பிலை மட்டும் வேண்டவே வேண்டாம்.) கொடுவாய்க்குப் பழகிய கை அம்மாவுடையது. சால்மனில் எண்ணெய் அதிகம் என்பதால் இரண்டு கொதி வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டார். வேன் சன்னல் முழுக்க ஆவி படிந்திருந்தது. என் மகள் விரலால் ஒரு வட்டம் துடைத்தாள். அந்த வட்டத்துக்குள் மலை. அந்தச் சோற்றின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

வேன் ஓடும்போது எல்லாரும் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதனால் தேநீர் வேண்டுமென்றால் நிறுத்தித்தான் ஆக வேண்டும். எங்களுக்கு அதுவே நல்லதாகப் போயிற்று. "தம்பி, ஒரு ஓரமா நிறுத்துப்பா" என்று அம்மா சொன்ன இடமெல்லாம் பார்க்கத் தகுந்த இடமாகவே இருந்தது.

புக்காக்கியைத் தாண்டியதும் வலப்பக்கம் எண் 80 பிரியும். 55 கிலோமீட்டரும் பெரும்பாலும் ஏரிக்கரையிலேயே போகும் சாலை. பாதி வழிக்கு முன்பே பீட்டர்ஸ் லுக்கவுட் என்ற பார்வையிடம் வரும், அதை விடாதீர்கள். நம் ஊர் போல இடப்பக்கம்தான் ஓட்டுவது, அதில் குழப்பம் வராது. ஆனால் பின்னால் நாலு கார் சேர்ந்துவிட்டால் ஒதுங்கி வழி விடுங்கள்; அங்கே அதை எதிர்பார்க்கிறார்கள். படம் எடுக்க வேண்டுமென்று சாலையிலேயே நிறுத்தாதீர்கள். ஒருவழிப் பாலங்களில் உங்கள் பக்க அம்பு சின்னதாகச் சிவப்பில் இருந்தால் எதிரில் வருபவருக்குத்தான் முன்னுரிமை.

அப்புறம் காற்று. கதவைத் திறக்கும்போது கையை எடுக்காமல் பிடித்துக்கொள்ளுங்கள், காற்று அப்படியே பிடுங்கி மடக்கிவிடும். அலமாரிக் கொக்கிகளையும் ஒவ்வொரு முறை கிளம்பும் முன் பாருங்கள். முதல் நாள் நான் ஒன்றை விட்டுவிட்டேன். ஒரு வளைவில் டப்பா விழுந்து தரையெல்லாம் துவரம்பருப்பு. சின்னவன் கடைசி நாள் வரை பொறுக்கிக்கொண்டிருந்தான்.

கிராமத்துக்குச் சற்று முன்னால் டாஸ்மன் பள்ளத்தாக்குக்குப் பிரியும் பாதையில் போய்ப் படியேறினால் பனியாற்று ஏரி தெரியும். படிகள் அதிகம். அம்மா கீழேயே வேனில் இருந்தார். வழியில் உள்ள 'நீல ஏரிகள்' இப்போது பச்சையாக இருக்கின்றன. பனியாற்று நீர் அவற்றுக்கு வருவது நின்று, மழைநீர்தான் நிரப்புகிறது. மேலே நின்றால் சாம்பல் நிறத் தண்ணீரில் பனிப்பாறைகள் மிதக்கும். 1970களின் தொடக்கத்தில் அங்கே சில குட்டைகள்தான் இருந்தன. பனியாறு உருகிப் பின்வாங்கப் பின்வாங்க அவை ஒன்றாகி இவ்வளவு பெரிய ஏரியாகிவிட்டன. என் மகனுக்கு அப்போது ஒன்பது வயது. "நான் அப்பாவாகும்போது இங்க பனி இருக்குமாப்பா?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. அவன் தோளைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன்.

இரவு தங்க வைட் ஹார்ஸ் ஹில் முகாம் நல்ல இடம். மின் இணைப்பு கிடையாது, பேட்டரியிலேயே சமாளிக்கலாம். ஏழு மணிக்கே இருட்டிவிடும் ஊரிலிருந்து போகிற நமக்கு, இரவு ஒன்பதுக்கும் வெளிச்சம் இருப்பது விசித்திரமாக இருக்கும். பிள்ளைகளைத் தூங்க வைப்பதுதான் பாடு. நாங்கள் வெளியே நாற்காலி போட்டிருந்தபோது பெரிய இடிச் சத்தம். "மழை வருமோ?" என்று அம்மா துணியை எடுக்க எழுந்தார். வானம் சுத்தமாக இருந்தது. எதிரே செஃப்டன் மலையில் பனி சரிந்து விழுகிற சத்தம் அது. இரண்டாம் முறை கேட்டபோது அவர் எழவில்லை. நாற்காலியை மலைப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

குவீன்ஸ்டவுனுக்கு மறுநாள் காலை கிளம்புங்கள்.