தளர்ந்த முதியவர்களின் நடமாட்டத்தைச் சுற்றுப்புறம் எவ்வாறு பாதிக்கிறது?

வேலூரில் வசிக்கும் உங்கள் பாட்டி நடப்பதையே குறைத்துக்கொண்டதற்கு வயது மட்டும்தான் காரணமா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை என்றே சொல்வேன். தசை வலுவும் சமநிலையும் குறைந்தவருக்குக் கைப்பிடி இல்லாத வாசற்படியும், மிதித்தால் ஆடும் கால்வாய் மூடியும் விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தைத் தருகின்றன. அச்சத்தால் நடை குறைய, நடை குறைந்ததால் தசை மேலும் மெலிய, அதே படி மறுமாதம் இன்னும் உயரமாகத் தெரிகிறது. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலோ, தாக உணர்வு மங்கியவர்களை எளிதில் சோர்வடையச் செய்யும். அதனால் விடியற்காலை நடையே நல்லது. வாரத்தில் 3 நாட்களாவது சமநிலை, தசைவலுப் பயிற்சிகள் தேவை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் முதியவர்களுக்குப் பரிந்துரைக்கிறது. முதலில் வாசலில் ஒரு கைப்பிடிக் கம்பி பொருத்துங்கள். தெருவில் திண்ணைகள் மறைந்துவிட்டது எனக்குப் பெரிய வருத்தம். நான்கு வீடு தாண்டினால் உட்கார இடமுண்டு என்ற தைரியமே பலரை நடக்க வைத்தது.